மேயர் பிராட்லியும் போலீஸ் தலைவர் கேட்ஸும்

ஒரு நகரத்தின் மேயரும் அதே நகரத்தின் போலீஸ் தலைவரும் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை. நம்ப முடிகிறதா?

இது ஏதோ சின்ன டவுன் இல்லை. 1990 கணக்கெடுப்பின்படி சுமார் 35 லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சல்ஸ். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரம், ஹாலிவுட் இருக்கும் ஊர். இரண்டு தலைவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான், 1992 ஏப்ரல் 29 அன்று அந்த ஊர் பற்றி எரிந்தது. 50க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

இரண்டு பெரிய மனிதர்களின் ஈகோ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பாதிக் கதைதான். மீதிப் பாதி 1930களில் நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு விதியில் இருக்கிறது. அந்த விதியைப் புரிந்துகொண்டால்தான் இந்தச் சண்டை புரியும்.

இரண்டு பேருமே போலீஸ்காரர்கள்

மேயரின் பெயர் டாம் பிராட்லி. 1917ல் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு ஏழைக் குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்தவர். கறுப்பினத்தவர். அவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் பிழைப்புத் தேடி லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தது. பையன் நன்றாக ஓடுவான். அந்த ஓட்டம்தான் அவரை யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனது. 1940ல் படிப்பை விட்டுவிட்டு நகரப் போலீஸில் சேர்ந்தார்.

21 வருஷம் சர்வீஸ். லெப்டினன்ட் வரை போனார். அதற்கு மேல் ஒரு கறுப்பினத்தவரை உயர விடாத காலம் அது. வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார். 1961ல் போலீஸ் வேலையை விட்டார். 1963ல் நகர சபை உறுப்பினர் ஆனார். 1969ல் மேயர் தேர்தலில் சாம் யோர்ட்டியிடம் தோற்றார். 1973ல் அதே யோர்ட்டியைத் தோற்கடித்து, லாஸ் ஏஞ்சல்ஸின் முதல் கறுப்பின மேயர் ஆனார். தொடர்ந்து ஐந்து முறை, மொத்தம் 20 வருஷம் அந்தப் பதவியில் இருந்தார். 1984 ஒலிம்பிக்ஸை ஊருக்குக் கொண்டு வந்தது அவர் காலத்தில்தான்.

போலீஸ் தலைவரின் பெயர் டேரில் கேட்ஸ். 1926ல் பக்கத்து ஊரான கிளெண்டேலில் பிறந்தவர். வெள்ளையர். 1949ல் போலீஸில் சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே அப்போதைய தலைவர் வில்லியம் பார்க்கருக்குக் கார் டிரைவர் ஆனார். அந்த வேலையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தினமும் காரில் பார்க்கரின் பேச்சைக் கேட்டுக்கேட்டே கேட்ஸ் தயாரானார். 1978ல் அவரே தலைவர் ஆனார்.

பிராட்லியும் இதே பார்க்கரின் கீழ்தான் வேலை பார்த்தார். ஒரே படை, ஒரே தலைவர். ஒருவருக்கு அந்தப் படை வாழ்க்கையைக் கொடுத்தது. இன்னொருவருக்கு 'இதற்கு மேல் உனக்கு இடமில்லை' என்று கதவைச் சாத்தியது.

மேயரால் ஏன் நீக்க முடியவில்லை?

காவல்துறை மாநில அரசின் கையில் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலும் நகரத்துக்கு நகரம் தனிப் போலீஸ். சம்பளம் நகரப் பட்ஜெட்டிலிருந்து. பல ஊர்களில் மேயருக்குப் பிடிக்கவில்லை என்றால் போலீஸ் தலைவர் மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது அது முடியாது. ஏன்?

1930களில் அந்த ஊர் நிர்வாகம் நாறிப்போயிருந்தது. ஃபிராங்க் ஷா என்பவர் 1933 முதல் மேயர். சூதாட்ட விடுதிகளும் விபசார விடுதிகளும் போலீஸுக்கு மாமூல் கொடுத்து ஓடின. மேயரின் தம்பி போலீஸ் வேலையையும் பிரமோஷனையும் விற்கிறார் என்று ஊரே பேசியது. 1938 ஜனவரியில், இந்த ஊழலைத் தோண்டிக்கொண்டிருந்த ஹாரி ரேமண்ட் என்ற துப்பறிவாளரின் காரில் குண்டு வெடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார். குண்டு வைத்த வழக்கில் தண்டனை பெற்றவர் யார் தெரியுமா? போலீஸ் உளவுப் பிரிவின் கேப்டன்! அதே வருஷம் செப்டம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஷாவைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

போலீஸ் அரசியல்வாதிகளின் கைப்பாவையாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர் கண்ணால் பார்த்தது. அந்தக் காலத்தில் வந்த மாற்றங்களில் ஒன்று, போலீஸ் தலைவருக்கும் அரசுப் பணியாளர் பாதுகாப்பு என்பது. 1937ல் நகரச் சாசனத்தில் அது சேர்ந்தது. அதாவது, தகுந்த காரணம் காட்டி, விசாரணை நடத்தி, நிரூபித்தால் ஒழிய அவரை நீக்க முடியாது. பதவிக் காலத்துக்கும் வரம்பு கிடையாது.

காகிதத்தில் பார்த்தால் போலீஸுக்கு மேலே ஒரு 'போலீஸ் கமிஷன்' இருந்தது. ஐந்து பேர், போலீஸ்காரர்கள் அல்லாத குடிமக்கள். மேயர் நியமிப்பார், நகர சபை ஒப்புதல் கொடுக்கும். கொள்கை வகுப்பதும் மேற்பார்வை பார்ப்பதும் அவர்கள் வேலை. ஆனால் அவர்கள் பகுதிநேர ஆட்கள்.

ஒரு கம்பெனியாக நினைத்துப் பாருங்கள். பங்குதாரர்கள் சேர்மனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேர்மன் போர்டை நியமிக்கிறார். போர்டு, மானேஜருக்கு உத்தரவு போடுகிறது. மானேஜர் கேட்கவில்லை என்றால்? ஒன்றும் செய்ய முடியாது! அவர் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் நிஜ முதலாளி யார்?

பார்க்கர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். 1950 முதல் 1966ல் இறக்கும்வரை 16 வருஷம் தலைவர். லஞ்சத்தைப் பெருமளவு ஒழித்தார், கட்டுப்பாடு கொண்டுவந்தார். கூடவே, வெளியாள் யாரும் எங்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற மனப்பான்மையையும் வளர்த்தார். 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் ஒரு சாதாரண வாகனச் சோதனையில் ஆரம்பித்த கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அந்த மனப்பான்மை மாறவில்லை.

சண்டை வளர்ந்த விதம்

கேட்ஸ் சோம்பேறியோ லஞ்சம் வாங்கியவரோ அல்ல. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். 'ஸ்வாட்' என்ற அதிரடிப் படையை லாஸ் ஏஞ்சல்ஸில் உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். அது பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1983ல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் பற்றிப் பாடம் நடத்தும் திட்டத்தை ஆரம்பித்தார். ஒலிம்பிக்ஸ் பாதுகாப்பும் நன்றாகவே நடந்தது.

ஆனால் வருஷா வருஷம் ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டே இருந்தது.

1979 ஜனவரியில் யூலா லவ் என்ற கறுப்பினப் பெண்மணி தன் வீட்டு முற்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆரம்பம் ஒரு கேஸ் பில் பாக்கித் தகராறு. கையில் கத்தி வைத்திருந்தார் என்பது போலீஸ் தரப்பு. சுட்டது விதிப்படிதான் என்றது துறை. இல்லை, விதி மீறப்பட்டது என்றது போலீஸ் கமிஷன். ஆனாலும் சுட்டவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை.

1982ல் கழுத்தை நெரித்துப் பிடிக்கும் போலீஸ் பிடியில் கறுப்பினத்தவர்கள் அதிகமாக இறப்பது ஏன் என்ற கேள்வி வந்தது. அவர்களுடைய ரத்தக் குழாய்கள் 'சாதாரண' மனிதர்களைப் போலச் சீக்கிரம் திறப்பதில்லையோ என்கிற மாதிரி கேட்ஸ் பேசினார். அப்படியானால் கறுப்பினத்தவர் சாதாரண மனிதர் இல்லையா? ஊரே கொந்தளித்தது. மேயரே கறுப்பினத்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்போதும் கேட்ஸ் பதவியில்தான் இருந்தார்.

போலீஸின் உளவுப் பிரிவு ஒன்று அரசியல்வாதிகளையும் சமூக அமைப்புகளையும் வேவு பார்த்தது அம்பலமாகி, 1983ல் அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. வழக்குப் போட்டவர்களுக்கு நகரம் 18 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1990ல் அமெரிக்க செனட் குழு முன்னால் பேசும்போது, எப்போதாவது போதைப்பொருள் எடுப்பவர்களைக்கூடச் சுட்டுத் தள்ள வேண்டும் என்ற அர்த்தத்தில் கேட்ஸ் பேசினார்.

பிராட்லி என்ன செய்தார்? பெரும்பாலும் பொறுமையாக இருந்தார். அவரை அமைதியானவர், யாரோடும் மோதாதவர் என்றுதான் சொல்வார்கள். ஒரு கறுப்பின மேயர் போலீஸோடு மோதினால் வெள்ளையர் ஓட்டு போய்விடும் என்ற கணக்கும் இருந்திருக்கலாம். 1982ல் கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் நூலிழையில் தோற்றவர் அவர். அவரும் அப்பழுக்கில்லாதவர் என்று சொல்ல முடியாது. நகரத்தின் பணம் டெபாசிட் ஆகியிருந்த ஒரு வங்கியிடம் ஆலோசகராகச் சம்பளம் வாங்கினார் என்ற விவகாரம் 1989ல் வெளிவந்தது. கிரிமினல் வழக்கு வரவில்லை. ஆனால் பெயர் கெட்டது.

ஒரு வீடியோ

1991 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். வேகமாகக் கார் ஓட்டி, நிறுத்தாமல் போன ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ் துரத்திப் பிடித்தது. கீழே விழுந்த அவரை லத்தியால் 50 அடிக்கும் மேல் அடித்தார்கள். மற்ற போலீஸ்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கட்டடத்தின் பால்கனியிலிருந்து ஜார்ஜ் ஹாலிடே என்பவர் புதிதாக வாங்கிய வீடியோ கேமராவில் அதைப் படம் பிடித்தார். செல்போன் கேமரா இல்லாத காலம். அந்த வீடியோ டிவியில் வந்ததும் உலகமே பார்த்தது.

நான்கு போலீஸ்காரர்கள் மீது வழக்குப் பதிவானது. ஏப்ரல் 2 அன்று பிராட்லி பகிரங்கமாக 'கேட்ஸ் விலக வேண்டும்' என்றார். கேட்ஸ் மறுத்தார். ஏப்ரல் 4 அன்று போலீஸ் கமிஷன் அவரைச் சம்பளத்தோடு 60 நாள் கட்டாய விடுப்பில் அனுப்பியது.

இங்கேதான் அந்தப் பழைய விதி தன் வேலையைக் காட்டியது. மறுநாளே நகர சபை கூடி, கேட்ஸோடு சமரசம் செய்து அவரைத் திரும்ப அமர்த்த ஓட்டுப் போட்டது. காரணம் இல்லாமல் நீக்கினால் கோர்ட்டில் தோற்போம், நஷ்ட ஈடு கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஏப்ரல் 8 அன்று நீதிபதியின் உத்தரவோடு கேட்ஸ் மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்தார். 60 நாள் விடுப்பு நாலே நாளில் முடிந்தது! இந்த நாட்களுக்குப் பிறகுதான் இருவருக்கும் இடையில் பேச்சுவார்த்தை அடியோடு நின்றது.

பிராட்லி ஒரு விசாரணைக் குழு அமைத்தார். தலைவர் வாரன் கிறிஸ்டோபர். பின்னாளில் கிளிண்டன் ஆட்சியில் வெளியுறவு அமைச்சரானவர். 1991 ஜூலையில் வந்த அறிக்கையில் எண்கள்தான் பேசின. 1986 முதல் 1990 வரை, போலீஸ் அளவுக்கு மீறிப் பலம் பயன்படுத்தியதாகப் பொதுமக்கள் கொடுத்த குற்றச்சாட்டுகள் 2,152. அதில் துறை உண்மை என்று ஏற்றுக்கொண்டது வெறும் 42. நூற்றுக்கு இரண்டு! நகரம் 15,000 டாலருக்கு மேல் பணம் கட்டிய 83 வழக்குகளைக் குழு எடுத்துப் பார்த்தது. பணம் கட்டியது நகரம், அதாவது மக்கள். அடித்தவர்களுக்குப் பெரும்பாலும் லேசான தண்டனை, அல்லது அதுவும் இல்லை. 44 போலீஸ்காரர்கள் மீது ஆறும் அதற்கு மேலும் புகார்கள் இருந்தன. அவர்கள் யார் யார் என்பது துறையின் சொந்த ஃபைல்களிலேயே இருந்தது.

போலீஸ் தலைவருக்கு ஐந்து வருஷப் பதவிக் காலம், அதிகபட்சம் இரண்டு முறை. இதுதான் குழுவின் முக்கியமான பரிந்துரை. கேட்ஸ் விலகிக்கொள்ள வேண்டும் என்றும் அறிக்கை சொன்னது. அவர் விலகுவதாகச் சொல்லித் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். 1992 ஏப்ரலில் அடுத்த தலைவராகப் பிலடெல்பியாவிலிருந்து வில்லி வில்லியம்ஸ் தேர்வான பிறகும் பழையவர் நாற்காலியில் இருந்தார்.

ஏப்ரல் 29

வழக்கு, பக்கத்து மாவட்டமான வென்சுராவில் உள்ள சிமி வேலிக்கு மாற்றப்பட்டிருந்தது. ஜூரியில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. 1992 ஏப்ரல் 29 மதியம் 3:15 மணிக்குத் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஒருவரைப் பற்றி முடிவு எட்டப்படவில்லை. மற்ற எல்லாவற்றிலும் நால்வரும் குற்றவாளிகள் அல்ல!

சாயங்காலமே தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஃப்ளோரன்ஸ் – நார்மண்டி சந்திப்பில் கூட்டம் கூடியது. கல்வீச்சு. அங்கிருந்த போலீஸார் பின்வாங்கினார்கள். திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ரெஜினால்ட் டென்னி என்ற வெள்ளை லாரி டிரைவரை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து டிவி அதை நேரடியாகக் காட்டியது. போலீஸ் ஒருவர்கூட இல்லை. அவரைக் காப்பாற்றியது, டிவியில் பார்த்துவிட்டு ஓடி வந்த அந்தப் பகுதியின் கறுப்பின மக்கள்தான்.

போலீஸ் தலைவர் அப்போது எங்கே? 6:30 மணிவாக்கில் தலைமையகத்திலிருந்து கிளம்பி, பிரெண்ட்வுட் என்ற பணக்காரப் பகுதியில் நடந்த ஒரு நிதி திரட்டும் கூட்டத்துக்குப் போயிருந்தார். எதற்கு நிதி? போலீஸ் தலைவரின் பதவிக் காலத்தைக் குறைக்கும் 'எஃப்' என்ற சாசனத் திருத்தத்தைத் தோற்கடிக்க! கேப்டன்களில் பலர் ஊருக்கு வெளியே ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தார்கள்.

மேயர் எங்கே? ஒரு சர்ச்சில் மக்களை அமைதிப்படுத்தப் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு முன் தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது என்று அவர் மீதும் குற்றம் சொன்னார்கள். இரவு அவசரநிலை அறிவித்து, கவர்னரிடம் தேசியக் காவல் படையைக் கேட்டார்.

இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து, 'தீர்ப்பு இப்படி வந்தால் என்ன செய்வது' என்று முன்கூட்டியே பேசவில்லை. அதுதான் நடந்த உண்மை. தீர்ப்பு வரப்போகிறது என்று ஊருக்கே தெரியும். பேசித் திட்டம் போட நாட்கள் இருந்தன.

கலவரம் அடங்க ஆறு நாள் ஆனது. அதிபர் புஷ் ராணுவத்தையே அனுப்ப வேண்டியிருந்தது. 2,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். சேதம் சுமார் 100 கோடி டாலர். பிழைக்க வந்து சின்னச் சின்னக் கடை வைத்திருந்த கொரியர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். போலீஸை போனில் கூப்பிட்டும் யாரும் வராததால், கடை மாடியில் துப்பாக்கியோடு நின்று தங்கள் கடையைத் தாங்களே காத்தவர்களும் உண்டு. ராட்னி கிங்கை அடித்தவர்கள் கொரியர்கள் இல்லை. தீர்ப்பு எழுதியவர்களும் கொரியர்கள் இல்லை.

கணக்கு முடிந்ததா?

ஜூன் 2 அன்று அந்த 'எஃப்' திருத்தம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுகளோடு ஜெயித்தது. ஜூன் கடைசியில் கேட்ஸ் ஓய்வு பெற்றார். வில்லியம்ஸ் அந்த நகரத்தின் முதல் கறுப்பினப் போலீஸ் தலைவர் ஆனார். பிராட்லி இன்னொரு முறை போட்டியிடவில்லை. 1993ல் பதவியை விட்டார். 1998ல் காலமானார். கேட்ஸ் 2010ல் காலமானார்.

அக்டோபரில் வந்த இன்னொரு விசாரணை அறிக்கை, எஃப்.பி.ஐ.யின் முன்னாள் தலைவர் வில்லியம் வெப்ஸ்டர் தலைமையிலானது. சரியான திட்டமே போடவில்லை என்று கேட்ஸ் மீது முக்கியப் பழியைப் போட்டது. மேயரையும் மற்ற நகரத் தலைவர்களையும் அது சும்மா விடவில்லை. திட்டம் எங்கே என்று அவர்களாவது கேட்டிருக்க வேண்டாமா?

புதிய விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 1990களின் கடைசியில் 'ராம்பார்ட்' போலீஸ் ஊழல் வெளிவந்தது. 2001 முதல் 2013 வரை மத்திய நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அந்தத் துறை இருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று மாறியது. 1997ல் வில்லியம்ஸுக்கும், 2002ல் அவருக்குப் பின் வந்த பெர்னார்ட் பார்க்ஸுக்கும் இரண்டாவது பதவிக் காலம் கிடைக்கவில்லை. இருவரும் வருத்தத்தோடு போனார்கள். ஆனாலும் போனார்கள். ஊர் எரியவில்லை. பார்க்ஸை வேண்டாம் என்ற மேயர் ஜேம்ஸ் ஹானுக்குக் கறுப்பின வாக்காளர்கள் பலரின் ஆதரவு போனது. 2005 தேர்தலில் அவர் தோற்றார். அதாவது, நீக்கும் அதிகாரம் மேயர் பக்கம் வந்தபோது, அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில் வந்தது.

1937ல் ஓட்டுப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. திருட்டு மேயரிடமிருந்து போலீஸைக் காப்பாற்ற ஒரு பூட்டுப் போட்டார்கள். பூட்டு நன்றாகவே வேலை செய்தது. திருட்டு மேயருக்கும் திறக்கவில்லை, நேர்மையாகக் கேட்க வந்தவருக்கும் திறக்கவில்லை. சாவியை யாரிடமாவது கொடுத்து வைக்க வேண்டும் என்பது அந்த ஊருக்குப் புரிய 55 வருஷமும், 50க்கும் மேற்பட்ட உயிர்களும் தேவைப்பட்டன.